இரண்டாம் நம்பர் பட்டன்

உட்காருங்கள் அண்ணா, முதலில் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாடி. லிஃப்ட் இருக்கிறது என்று போனில் சொன்னேன்தான். இருக்கிறது. ஓடுகிறது என்று நான் சொல்லவில்லையே.

அதோ மூலையில், பெட்ஷீட் போட்டு மூடியிருக்கிறேனே, அதுதான் மெஷின். வைப்ரேஷன் மெஷின் என்று இதைக் கொண்டுவந்த டாக்டரம்மா சொல்வார். இங்கே ஆட வருகிற பிள்ளைகள் வைத்த பெயர் உதறல். "உதறல்ல ஏறிட்டியாடி?" "இன்னும் இல்லக்கா." இப்படித்தான் பேச்சு. ஏறி நின்று முட்டியைப் பாதி மடக்கினால் அடியில் இருக்கிற பலகை நொடிக்கு முப்பது தடவை ஆடும். தொடை, கெண்டைக்கால் எல்லாம் தன்னால் இறுகும். நீங்கள் இதையெல்லாம் பிரித்துப் போட்டவர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரிப்பேர் எதுவும் இல்லை. அதனால்தான் போனில் சுற்றி வளைத்துப் பேசினேன், மன்னிக்கணும். எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். முன்னால் இரண்டு பட்டன் இருக்கிறது பாருங்கள். ஒன்றை அமுக்கினால் ஆடும். இரண்டை அமுக்கினால் உர்ரென்று சத்தம் மட்டும் வரும், பலகை ஆடாது. அப்படிச் சொல்லித்தான் என்னிடம் கொடுத்தார்கள். ஆனால் போன மாதம் ஒருநாள் இரண்டை அமுக்கிவிட்டு நானே ஏறி நின்றேன். ஆடியது அண்ணா. உள்ளங்காலில் ஆரம்பித்து இடுப்பு வரைக்கும் ஏறியது. கீழ் மாடியில் ட்ரம்ஸ் வகுப்பு எடுக்கிறவரைக் கூப்பிட்டு நிற்கச் சொன்னேன். "ஒண்ணும் ஆடலைங்க மேடம். உங்களுக்கு சுகர் பாத்தீங்களா?" என்கிறார். வாட்ச்மேனை நிறுத்திப் பார்த்தேன். கூட்டுகிற அம்மாவை நிறுத்திப் பார்த்தேன். யாருக்கும் ஆடவில்லை. எனக்கு மட்டும் ஆடுகிறது.

அதனால் நீங்கள் திறந்து பார்த்து, இரண்டாம் நம்பர் பட்டனிலிருந்து மோட்டாருக்கு ஒயர் போகிறதா இல்லையா, அதை மட்டும் சொன்னால் போதும். நாலு மணிக்கு ஒரு பொண்ணு வருகிறாள். அவளுக்கு நான் பதில் சொல்ல வேண்டும்.

ஸ்க்ரூவை இந்த மூடியில் போடுங்கள், உருண்டு போய்விடும்.

என் பெயர் வசுமதி. வசு அக்கா என்றால் சாலிகிராமத்தில் குரூப் டான்சர்ஸ் எல்லோருக்கும் தெரியும். பதினாறு வருஷம் ஆடினேன். கதாநாயகிக்குப் பின்னால் மூன்றாம் வரிசையில் ஆரம்பித்து முதல் வரிசை வரைக்கும் வந்தேன். ஒரு பாட்டில் இரண்டு மேடைக்கு நடுவே தாண்டிக் குதிக்கச் சொன்னார்கள். ஆறு டேக் குதித்தேன். ஏழாவதில் வலது முட்டி போய்விட்டது. படத்தில் எந்த டேக்கை வைத்தார்கள் தெரியுமா? முதல் டேக்கை. அதோடு ஆட்டம் முடிந்தது. இந்த ஹாலை வாடகைக்கு எடுத்து ரிகர்சலுக்கு விடுகிறேன். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. இருக்கிறது போலவா தெரிகிறது?

போன வருஷம் டாக்டரம்மா வந்தார். விளையாட்டு வீரர்களுக்குப் பார்க்கிற டாக்டர். டான்சர்களுக்கு இந்த மெஷினால் குதிக்கிற உயரம் கூடுமா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். இருபது பிள்ளைகள் வேண்டும் என்றார். வாரத்துக்கு மூன்று நாள், ஆறு வாரம். ஒரு நிமிஷம் நிற்கணும், ஒரு நிமிஷம் இறங்கணும், இப்படி ஐந்து தடவை. முதல் நாளும் கடைசி நாளும் குதியை அளக்கணும். அளவு எப்படி என்றால், விரலில் நீல சாக்பொடியைத் தொட்டுக்கொண்டு நின்ற இடத்திலிருந்து குதித்துச் சுவரில் தட்ட வேண்டும். அதோ தெரிகிறதே அந்தச் சுவர்தான்.

இருபது பேரில் பத்துப் பேருக்கு ஒன்றாம் நம்பர். பத்துப் பேருக்கு இரண்டாம் நம்பர். டிபன் பாக்ஸில் சீட்டுப் போட்டுக் குலுக்கிப் பிரித்தார். திரை கட்டி ஒவ்வொருத்தியாக உள்ளே விடணும். யாருக்கு எந்தப் பட்டன் என்று அவரை விட்டால் எனக்கு மட்டும்தான் தெரியும். "மேடம், இதை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. சொன்னா ஆராய்ச்சியே போச்சு" என்றார். நான் யாரிடம் சொல்லப்போகிறேன்? என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. பதினாறு வருஷம் சினிமாவில் இருந்தவள், எத்தனையைப் பார்த்திருப்பேன், எதையாவது சொல்லியிருக்கிறேனா?

பெயர்ப் பட்டியலை அந்த அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வைத்திருந்தேன். அதுதான் தப்பு. எஸ்தர் முட்டிப் பட்டி எடுக்க அலமாரியைத் திறந்திருக்கிறாள்.

எஸ்தர்தான் நாலு மணிக்கு வரப்போகிறவள். வியாசர்பாடிப் பொண்ணு. முப்பத்தொரு வயசு. எங்கள் தொழிலில் அது கிழம். குள்ளம் வேறு. ஆட்டம் சுத்தமாக இருக்கும், ஆனால் கடைசி வரிசையைத் தாண்டி வந்ததில்லை. நான்தான் அவளுக்கு யூனியன் கார்டு வாங்கிக் கொடுத்தேன். கூடப் பிறந்தவள் மாதிரி. இல்லை, அதற்கும் மேலே.

அலமாரியைத் திறந்தவள் என்ன பார்த்தாள்? பட்டியல் இரண்டு பத்தியாக இருக்கிறது. ஒரு பக்கம் தலைப்பில் "வைப்ரேஷன்". இன்னொரு பக்கம் "கண்ட்ரோல்". கண்ட்ரோலுக்குக் கீழே இவள் பெயர்.

அண்ணா, டாக்டர்கள் பேச்சில் கண்ட்ரோல் என்றால் வேறு. எதுவும் கொடுக்காமல் சும்மா வைத்துக்கொள்கிற கூட்டம். மற்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க. எங்கள் பேச்சில் கண்ட்ரோல் என்ன தெரியுமா? எவ்வளவு உயரம் போனாலும் இறங்கும்போது தரையில் சத்தம் கேட்கக்கூடாது. உடம்பு உன் கைக்குள் இருக்கணும். குதிக்கிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள், கண்ட்ரோல் இருக்கிறவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள். மாஸ்டர் ஒருத்தியைப் பார்த்து "இந்தப் பொண்ணுக்குக் கண்ட்ரோல் இருக்குப்பா" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவள் வீட்டுக்கு நடந்து போக மாட்டாள், மிதந்துதான் போவாள்.

இவள் என்ன நினைத்துவிட்டாள்? கண்ட்ரோல் இருக்கிற பத்துப் பேரை டாக்டர் பொறுக்கி எடுத்துத் தனியாக வைத்திருக்கிறார், அதில் தானும் ஒருத்தி என்று.

யாரிடமும் கேட்கவில்லை. ஆனால் நடையே மாறிவிட்டது. மற்றவர்கள் மெஷினிலிருந்து இறங்கினால் கதை பேசப் போவார்கள். இவள் அந்தச் சுவரோரம் போய்த் தனியாகக் குதிப்பாள். காலையில் நான் ஷட்டர் திறக்கிறபோது படியில் உட்கார்ந்திருப்பாள். "என்னடி, வீட்ல தண்ணி வரலையா?" என்பேன். "சும்மாதான்க்கா." பரோட்டாவை விட்டாள். செருப்பை மாற்றினாள். திரைக்கு உள்ளே வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். நான் இரண்டை அமுக்குவேன். உர்ரென்று சத்தம் வரும். "அக்கா, இன்னைக்கு ரொம்ப ஜாஸ்தியா இருக்குக்கா, பல்லு வரைக்கும் ஏறுது" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும், அடக்கிக்கொள்வேன். நீங்களாக இருந்தாலும் சிரித்திருப்பீர்கள்.

ஆறு வாரம் முடிந்து அளந்தார்கள். உதறினவர்களுக்குக் கொஞ்சம் ஏறியிருந்தது, இரண்டு சென்டிமீட்டர், மூன்று. சும்மா நின்றவர்களுக்கு அரை, ஒன்று. எஸ்தருக்கு ஏழு. டாக்டரம்மா டேப்பை மூன்று தடவை வைத்துப் பார்த்தார். "இது மட்டும் தனியா நிக்குதே மேடம், கணக்குல சேராது" என்று பேனாவால் சுற்றி வட்டம் போட்டார். அந்த வட்டத்தோடு போனவர்தான். மெஷினைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி இறங்க ஆள் கிடைக்கவில்லை, இங்கேயே விட்டுவிட்டார்கள்.

அடுத்த வாரம் ஒரு பெரிய பாட்டுக்கு ஆள் எடுக்க மாஸ்டர் வந்தார். பெயர் வேண்டாம். அவர் அசிஸ்டெண்டாக இருந்த காலத்தில் நான் முதல் வரிசை. இரண்டு மேடை, நடுவில் இடைவெளி, ஒரு பொண்ணு ஓடி வந்து, எண்ணிக்கையில் ஏழில் எழும்பி எட்டில் அந்தப் பக்கம் இறங்கணும். கேமரா அவள் மேலேயே இருக்கும். ஆமாம், அதே மாதிரிதான். புதிதாக எதை யோசிக்கிறார்கள் இவர்கள்?

எட்டுப் பேர் குதித்துக் காட்டினார்கள். கடைசியில் எஸ்தர். எழும்பினாள். இறங்கினாள். இறங்கிவிட்டாள் என்று கண்ணுக்குத்தான் தெரிந்தது, காதுக்குத் தெரியவில்லை. மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "வசு, உன்னைவிட உசரமாப் போறா. உனக்கு இந்தக் கண்ட்ரோல் எல்லாம் எங்க இருந்துச்சு? மூட்டையாட்டம்ல இறங்குவே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். பழகினவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

எனக்கு வருத்தமா? எனக்கு எதற்கு வருத்தம்? நான் வளர்த்த பொண்ணு.

எல்லோரும் போன பிறகு அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் பல். "அக்கா, டாக்டர் முன்னாடியே கண்டுபிடிச்சுட்டாங்க தெரியுமா? லிஸ்ட்ல பாத்தேன். என்னைக் கண்ட்ரோல் குரூப்ல போட்டிருக்காங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கே தெரிகிறது, இவள் இப்படி ஒரு நினைப்பில் இருக்கிறாள் என்று. ஆராய்ச்சி முடிந்துவிட்டது. இனிமேல் சொன்னால் என்ன? நாளைக்கு இதையே மாஸ்டரிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள் இல்லையா? அவள் நல்லதுக்குத்தான் சொன்னேன். கோபமாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

"அடி பைத்தியம், கண்ட்ரோல்னா சும்மா நிக்க வெக்கிற குரூப்புடி. நீ ஏறி நின்னது ஓடாத மெஷின். உனக்கு வெறும் சத்தம்தான் போட்டேன்."

அவள் ஒரு ஷூவைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு காலைத் தூக்கி உள்ளங்காலைப் பார்த்தாள், முள் குத்தினால் பார்ப்போமே, அந்த மாதிரி.

"எனக்கு ஆடுச்சேக்கா."

"உனக்கு ஆடுச்சு. பலகை ஆடலை."

அவ்வளவுதான். அழவில்லை, சண்டை போடவில்லை. "சரிக்கா" என்று இன்னொரு ஷூவையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்னேன் அண்ணா. உண்மை சொன்னால் ஒருத்திக்குக் கால் வராமல் போகுமா?

ஷூட்டிங் இரண்டு நாள் கழித்து. குரூப்பைக் கூட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். முதல் டேக். ஓடி வந்தாள், ஐந்து, ஆறு, ஏழு. எழும்பினாள். எழும்பும்போதே கீழே பார்க்கிறாள். எங்கள் தொழிலில் கீழே பார்த்தவர்கள் கீழேதான் போவார்கள். முழங்காலுக்குக் கீழே மேடை விளிம்பில் இடித்து, தொப்பென்று விழுந்தாள். இரண்டாவது டேக். ஓடி வந்தாள். ஏழு வந்தது. விளிம்பில் நின்றுவிட்டாள். பாட்டு ஓடுகிறது, பின்னால் நாற்பது பேர் ஆடுகிறார்கள், இவள் மட்டும் நிற்கிறாள். மாஸ்டர் மைக்கில் கூப்பிடுகிறார், "எட்டு போயிடுச்சும்மா! நீ எந்த ஊர்ல நிக்கிற?" செட்டே சிரித்தது. மூன்றாவது டேக்குக்கு வேறு பொண்ணைப் போட்டார்கள்.

எஸ்தர் உடை மாற்றிக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். பதினோரு மாசம் ஆகிறது. இப்போது விருகம்பாக்கத்தில் ஒரு பெயிண்ட் கடையில் பில் போடுகிறாள். நான் ஒருநாள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கடைக்கு ஒரே ஒரு படி. இத்தனை உயரம்தான் இருக்கும், ஒரு செங்கல் உயரம். அதில் இறங்க, ஷட்டர் கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, முதலில் ஒரு கால், அப்புறம் ஒரு கால். அடி பட்டதெல்லாம் என்றைக்கோ ஆறிவிட்டது அண்ணா. காலில் ஒன்றும் இல்லை. நான் ரோட்டைத் தாண்டாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அதிலிருந்துதான் எனக்கு இங்கே ஒன்று நடக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடம் சொல்கிறேன். காலையில் பிள்ளைகள் பத்துப் பேர் ரிகர்சல் செய்வார்கள். நான் எண்ணுவேன். எட்டில் எல்லோரும் இறங்குவார்கள், தட தடவென்று தரை அதிரும். அந்தச் சத்தம் அடங்கின பிறகு, கொஞ்சம் தாமதமாக, பதினோராவதாக ஒருத்தி இறங்குகிறாள். சத்தம் கேட்காது. சத்தம் கேட்காமல் ஒருத்தி இறங்குவது எனக்குத் தெரிகிறது. எப்படி என்று கேட்காதீர்கள். கழுத்துக்குப் பின்னால் காற்று நகரும். திரும்பிப் பார்த்தால் சுவர்தான். அவள் விரல் பட்ட இடத்தைத் துடைத்தேன், வெள்ளை அடித்தேன். ஈரமாக இருக்கிற வரைக்கும் தெரியவில்லை. காய்ந்ததும் மூன்று விரல். மழைக்குச் சுவர் ஊறுகிறது என்று ஹவுஸ் ஓனர் சொல்கிறார். இருக்கும். மூன்று விரலாகவா ஊறும்?

அப்புறம்தான் ஒருநாள் மெஷினில் நானே ஏறினேன். ஆடியது. அப்போதே முடிவு செய்துவிட்டேன். இரண்டாம் நம்பரிலும் ஆடுகிறது, டாக்டரம்மாவுக்கே தெரியாமல் ஏதோ ஒரு ஒயர் உரசிக்கொண்டு அன்றைக்கும் ஆடியிருக்கிறது. அப்படியானால் நான் சொன்னது தப்பு. தப்பாகச் சொன்னதைத் திருத்திவிடலாம் இல்லையா? எஸ்தருக்குப் போன் போட்டு, டாக்டரம்மாவுக்கு உன் கையெழுத்து ஒன்று வேண்டும், வந்துவிட்டுப் போ என்றேன். கையெழுத்து எதுவும் இல்லை. இல்லாவிட்டால் வர மாட்டாள்.

கழற்றிவிட்டீர்களா? இருங்கள், வருகிறேன்.

எங்கே? அந்தச் சிவப்பு ஒயரா? அது ஒன்றாம் நம்பருக்கு. இரண்டுக்கு?

இல்லையா.

இந்தச் சின்ன ஃபேனுக்கு மட்டும்தான் போகிறதா? மோட்டார் பக்கமே போகவில்லையா? உரசக்கூட வழியில்லையா? நன்றாகப் பார்த்தீர்களா அண்ணா? கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள்.

சரி. அப்படியானால் நான் சொன்னது உண்மைதான். பார்த்தீர்களா? வசுமதி பொய் சொல்லவில்லை.

தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன்.

அண்ணா, ஒன்று கேட்டால் தப்பாக நினைக்க மாட்டீர்களே? அந்தப் பட்டனிலிருந்து மோட்டாருக்கு நீங்களே ஒரு ஒயர் இழுத்துக் கொடுத்துவிட முடியுமா? லேசாக ஆடினால் போதும். அவள் வந்ததும் ஏறச் சொல்வேன். அவளையே இரண்டை அமுக்கச் சொல்வேன். ஆடும். "அன்னைக்கும் ஆடுச்சுடி, நான்தான் பொய் சொன்னேன், வயித்தெரிச்சல்ல சொன்னேன்" என்று சொல்லிவிடுவேன். வயிற்றெரிச்சல் எல்லாம் ஒன்றும் இல்லை. அப்படிச் சொன்னால்தான் நம்புவாள். பொய் சொன்னவள் என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அவளுக்குக் கால் திரும்பி வந்தால் போதும்.

ஏன் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கிறீர்கள்?

என்ன கேட்டீர்கள்?

மெஷின் ஆடவில்லை என்றால் அந்தப் பொண்ணு எதால் குதித்தாள் என்றா?

இது என்ன கேள்வி அண்ணா. எதால் குதிப்பாள். காலால்தான்.

ஆமாம். ஏழு சென்டிமீட்டர். உதறினவர்களுக்கே மூன்றுதான்.

ஆமாம், மெஷின் இல்லாமல்.

பதினோரு மாசம் இதே ஹாலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒயரை யோசித்தேன், டாக்டரம்மாவை யோசித்தேன், சீட்டுக் குலுக்கின டிபன் பாக்ஸைக்கூட யோசித்தேன். இதை யோசிக்கவில்லை. நீங்கள் வந்து அரை மணி நேரத்தில் கேட்டுவிட்டீர்கள்.

சொல்லிவிடலாம்தான். ஒயர் எதுவும் வேண்டாம், இதைச் சொன்னாலே போதும் என்று நீங்கள் சுலபமாகச் சொல்கிறீர்கள். இருங்கள், ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன். "எஸ்தர், அது மெஷின் இல்லடி. அன்னைக்குக் குதிச்சது உன்..." பார்த்தீர்களா? அதற்கு மேல் வரவில்லை. பொய் சொன்னேன் என்று சொல்ல வருகிறது. வயிற்றெரிச்சல் என்றுகூட வருகிறது. இது மட்டும் வர மாட்டேன் என்கிறது.

படியில் வருவது வேறு யாரும் இல்லை அண்ணா, அவள்தான். கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து ஏறுகிறாள், கேட்கிறதா?

ஒயரை விட்டுவிடுங்கள். திறந்தது அப்படியே திறந்திருக்கட்டும், அவள் பார்க்கட்டும். நீங்களே சொல்லிவிடுங்கள். வெளி ஆள், மெக்கானிக், உங்களுக்குப் பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. நான் சொன்னால் நம்ப மாட்டாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றுகொள்கிறேன்.

வாடி எஸ்தர். உள்ள வா. இளைச்சுட்டியே. கையெழுத்து அப்புறம் போடலாம், முதல்ல இங்க வா, இந்த மெஷினுக்கு உள்ள பாரு. இவரு இதைப் பாக்க வந்தவரு. உங்கிட்ட ஒண்ணு சொல்லணுமாம்.

சொல்லுங்கண்ணா. கொஞ்சம் சத்தமாவே சொல்லுங்க. எனக்கும் கேக்கட்டும்.